வலி நின்ற பிறகும் வரச் சொன்ன டாக்டரம்மாவுக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்குமே நேரமில்லை. பல் வலித்தால் செல்போனைக் கேட்கிறார்கள். செல்போன் சொன்னதை மெடிக்கல் கடைக்காரரிடம் ஒப்பிக்கிறார்கள். அவர் கொடுத்த மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு பனியன் கம்பெனிக்கு ஓடுகிறார்கள். பாராட்டு மடலுக்கும் இப்போது அதே கதிதான். அச்சகத்தில் தயாராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சால்வையோடு நீட்டினால் வேலை முடிந்தது.

போன வாரம் நம் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருக்கும் மோனிஷாவும் நம் டாக்டரம்மாவின் வழியனுப்பு விழாவுக்கென்று அப்படி ஒன்றைப் போனில் எடுத்துக் காட்டினாள். "கல்விக் கலங்கரை விளக்கமே" என்று தொடங்கியது. வாசலில் டோக்கன் கொடுக்கும் மாரப்பன் அதை எழுத்துக் கூட்டிக் கடைசிவரை படித்தான்.

"ஏங் கண்ணு, நம்ம டாக்டரம்மா பல்லு டாக்டருன்னு இதுல ஒரு எடத்துலயும் இல்லியே?"

"கல்விங்கற எடத்துல பல்லுன்னு மாத்திக்கலாங்க அப்புச்சி."

"வாத்தியாருக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டைய டாக்டரம்மாவுக்கு ஆல்ட்டர் பண்றியாக்கும்? தோள்பட்டை நிக்காது கண்ணு."

"அப்ப நீங்களே தெச்சுக் குடுங்க!" என்றாள் மோனிஷா. ஊழியர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நாலாம் வகுப்போடு நின்ற மாரப்பன் தலையில் மடல் விழுந்த கதை இதுதான். அவன் சொல்லச் சொல்ல எழுத்தைச் சரிசெய்து எழுதியவள் மோனிஷா. மடலில் 'நான்' என்று வரக்கூடாதாம். அதனால் மாரப்பன் தன்னையும் மாரப்பன் என்றே எழுதுகிறான். கேளுங்கள்!

பல் காத்த பண்பே! பயந்தவர் பக்கம் நின்ற பரிவே! தூத்துக்குடிச் சீமையில் பிறந்து, திருப்பூர் மண்ணில் இருபத்தேழு ஆண்டுகள் கால் கடுக்க நின்று, நூல் ஓட்டியவர், சாயம் முக்கியவர், பிசிறு வெட்டியவர், பெட்டி கட்டியவர் அத்தனை பேர் வாய்க்குள்ளும் குனிந்து பார்த்து, ஒருவர் வாயைக்கூட முகம் சுளித்து மூடச் சொல்லாத டாக்டர் பிரிசில்லா அம்மையீரே! அமருங்கள்! இன்று ஒரு நாள் நீங்கள் உட்காருங்கள், நாங்கள் நிற்கிறோம்!

உங்கள் பெருமையைப் பொதுவாகப் பேச மாரப்பனுக்கு வராது. ஒரு பல்லின் கதையாகச் சொல்ல வரும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பனியன் ஓரம் மடித்து அடிக்கும் பேட்லாக் டெய்லர். கழுத்தில் கத்திரி தொங்கும். கை அதை எடுக்காது. நூலைப் பல்லால் கடித்துத் துப்பினால் ஒரு நொடி மிச்சம். இந்த ஊரில் ஒரு லைனில் முப்பது டெய்லர் உட்கார்ந்தால் இருபது பேருக்குக் கத்திரி வாய்க்குள்தான் இருக்கிறது! முப்பத்தைந்து வருஷம் கடித்ததில் மாரப்பனின் முன்பல்லில் நூல் போகும் தடம் ஒன்று பள்ளமாகவே விழுந்துவிட்டது. அதனால் கடியை வலது பக்கத்துக்கு மாற்றினான். மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல். அதுதான் அந்தப் பல்.

முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. அப்புறம் சூடான டீக்கு வலித்தது. பிறகு தானாகவே, படுத்தால் போதும், காதுவரை கொக்கி போட்டு இழுத்தது. கிராம்பு வைத்தான். புகையிலை அடக்கினான். மாத்திரை போட்டான். மாத்திரை வலியைத் தூங்க வைத்ததே தவிர, உள்ளே அழுகியதை எடுத்துப் போடவில்லை. அது மாத்திரைக்கு முடிகிற காரியமும் இல்லை என்று நீங்கள்தான் பின்னால் சொன்னீர்கள்.

வந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

"புடுங்கிப் போடுங்க டாக்டரம்மா. ஒரே ரோதனையா இருக்குது."

"பிடுங்குதது அஞ்சு நிமிச வேலை அண்ணாச்சி. பிடுங்கினா அந்தச் சந்துல பக்கத்துப் பல்லு சாயும், மெல்லுததுக்கும் இடைஞ்சல். இந்தப் படத்தைப் பாத்தீகளா, வேர் ரெண்டும் திடமா நிக்கி. உள்ள இருக்க நரம்புதான் கெட்டுருக்கு. காப்பாத்திரலாம்."

"படம் என்ற பல்லுதானுங்களா? முந்திப் போன ஆளோடத மாத்திக் காட்டறீங்களா?"

வேறு யாராவது என்றால் அங்கேயே எழுந்து போகச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் படத்தில் பக்கத்துப் பல்லின் மேல் வெள்ளையாகத் தெரிந்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினீர்கள். "இந்தப் பழைய வெள்ளி அடைப்பு யாரு வாயில இருக்கு? தடவிப் பாருங்க." மாரப்பன் நாக்கால் தடவினான். இருந்தது. அதனால் அவனுக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. அடுத்த கேள்விக்குப் போனான்.

"மேப்பல்லுல கை வெச்சாக் கண்ணு போயிருமுங்கறாங்களே?"

"கண்ணுக்குப் போற நரம்பு வேற, பல்லுக்குப் போறது வேற. இருபது வருசமா நான் பாத்தவங்க எல்லாம் கண்ணு தெரிஞ்சுதான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாக."

அடுத்து நீங்கள் சொன்னதை டெய்லர் சாதியே மறக்காது! உங்கள் மேஜை இழுப்பிலிருந்து ஒரு பைஜாமா நாடாவை எடுத்தீர்கள். "இடுப்புல நாடா ஓடுததுக்கு ஒரு குழாய் தைப்பீகள்லா? பல்லு வேர்லயும் அப்படி ஒரு குழாய். அதுக்குள்ள நரம்பும் ரத்தமும் ஓடுது. உங்க நாடா அழுகிப் போச்சு. அதை உருவி, குழாயைச் சுத்தமாக் கழுவி, ரப்பர் மாதிரி ஒண்ணை நுனிவரைக்கும் அடைச்சு, வாயைத் தச்சிரணும். இதைத்தான் வேர் சிகிச்சைங்கோம்."

"வாயத் தெச்சுட்டா நான் எதுல சோறு திங்கறதுங்க?"

"பல்லு வாயை அண்ணாச்சி, பல்லு வாயை!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

ஊசி போடும் முன் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றான். அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தீர்கள். "சுகர் மாத்திரையைப் பல் டாக்டர்கிட்ட மறைச்சு யாரு ஜெயிச்சா? சுகர், பிரஷர், இருதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்கப் போடுத மாத்திரை, எதுவானாலும் சொல்லிரணும். நீங்களா நிறுத்திட்டும் வரக் கூடாது. சாப்பிடாமலும் வரக் கூடாது." அன்று மாரப்பன் காலையிலிருந்து பட்டினி. அவனை அனுப்பி நாலு இட்லி தின்ன வைத்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டீர்கள்!

அந்த ஊசி! ஆடு அறுக்கப் போவதுபோல் கண்ணை இறுக்கிக்கொண்டான். எறும்பு கடித்தது. பிறகு மேலுதடும் கன்னமும் தன்னுடையவையே இல்லை என்பதுபோல் தடித்துப் போயின. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திருதேன்" என்றீர்கள். மாரப்பன் மூன்று தடவை தூக்கினான். சத்தியமாகச் சொல்கிறான், மூன்று தடவையும் வலிக்கவில்லை! சொன்னபடி நிறுத்துகிறீர்களா என்று பார்த்தான். மூன்று தடவையும் நிறுத்தினீர்கள். மூன்றாவது தடவை கேட்டீர்கள்:

"சோதிச்சுப் பாத்தாச்சா அண்ணாச்சி? இனி நான் வேலையைப் பாக்கட்டுமா?"

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டியிருந்தீர்கள். குழாயைக் கழுவ ஏதோ தண்ணீர் விட்டபோது மாரப்பன் மூக்கில் சலவைப் பட்டறை வாசம் ஏறியது. திருப்பூர்க்காரன் மூக்கை ஏமாற்ற முடியுமா? ரப்பருக்குள்ளிருந்தே கத்தினான், பிளீச்சிங் தண்ணியா என்று. வேறு டாக்டர் என்றால் மருந்து என்று சொல்லி மழுப்பியிருப்பார். நீங்கள் "ஆமா, அதே இனந்தான், அளவு கம்மி. கிருமி சாகணும்லா. உங்க தொண்டைக்குள்ள இறங்கக் கூடாதுன்னுதான் இந்த ரப்பரே" என்றீர்கள். உண்மையைச் சொன்ன அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்த மடலைத் தங்க எழுத்தில் அடிக்கலாம்!

அன்று பாதி வேலைதான் முடிந்தது. தற்காலிகமாக அடைத்துவிட்டு விரலை மடக்கிச் சொன்னீர்கள். அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது. ரெண்டு மூணு நாள் லேசாக நோவு இருக்கும், பயப்படக் கூடாது. கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும், வலி நின்றிருந்தாலும்.

"வலி நின்னுட்டா அப்பறம் எதுக்குங்க வாரது?"

"நின்னாத்தான் முக்கியமா வரணும். கத்துத நரம்பை எடுத்தாச்சு. இனி உள்ள தீப்பிடிச்சாக்கூட உங்களுக்குச் சொல்ல ஆளு கிடையாது."

"நானு நம்ப மாட்டனுங்க."

"நம்ப வேண்டாம் அண்ணாச்சி. வந்தாப் போதும்."

மாரப்பன் வரவில்லை! வலி மூன்றே நாளில் நின்றுவிட்டது. கம்பெனியில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான குட்டிப் பனியன் ஆர்டர், கப்பல் காத்திருந்தது. இந்த ஊரில் ஷிப்மென்ட் என்று சொன்னால் கல்யாணத்தையே தள்ளி வைப்பார்கள், பல்லையா பார்ப்பார்கள்? அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது என்றால் சோறுதானே என்று நினைத்துக்கொண்டான். நூலை அவன் கடியில் சேர்க்கவே இல்லை! இருபதாம் நாள் ஒரு நூலைக் கடித்து இழுத்தான். 'டக்'கென்று ஒரு சத்தம். நூல் அறுந்த சத்தம் என்று நினைத்து அடுத்த பீஸை எடுத்தான்.

மத்தியானம் செக்கிங் டேபிளிலிருந்து சின்னத்தாய் குரல் கொடுத்தாள்.

"யாரு அடிச்ச பீஸ்யா இது? பட்டனே இல்லாத டிசைன்ல ஓரத்துக்குள்ள உடைஞ்ச பட்டன் ஒண்ணு மாட்டிக்கிட்டு கெடக்கு!"

மாரப்பன் போய் வாங்கிப் பார்த்தான். நாக்கு தானாக மேலே போனது. அங்கே ஒரு குழி.

"பட்டன் இல்லீங்க அம்மிணி, என்ற பல்லு."

லைன் மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. சீமைக் குழந்தைக்குத் திருப்பூர்ப் பல் முளைக்கப் பார்த்தது என்று சூப்பர்வைசர் ஆரோக்கியராஜ் ஒரு மாதம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அந்தச் சில்லை வேஸ்ட் துணியில் முடிந்துகொண்டு உங்களிடம் சண்டைக்கு வந்தான். நீங்கள் குடைந்ததால்தான் உடைந்தது என்றான். நீங்கள் திட்டவில்லை. விளக்கை இழுத்து வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

"ஈறுக்கு வெளியவே உடைஞ்சிருக்கு. தப்பிச்சீக. வேர் நுனிவரைக்கும் பிளந்திருந்தா என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது, எடுத்துருப்பேன். குடைஞ்ச பல்லு காஞ்ச மூங்கில் மாதிரி அண்ணாச்சி. அதுக்குத்தான் வேலை முடிஞ்ச கையோட மேல கேப் போடச் சொல்லுதது. அழகுக்கு இல்ல."

திறந்து கிடந்த குழாயை மறுபடி கழுவினீர்கள். அடைத்தீர்கள். படம் எடுத்து நுனிவரை போயிருக்கிறதா என்று பார்த்தீர்கள். அளவெடுத்துக் கேப் மாட்டினீர்கள். எட்டு வருஷமாக அந்தப் பல்லில் கடலை மிட்டாய் கடிக்கிறான் மாரப்பன்! கேப் போட்டாலும் பல் துலக்காவிட்டால் ஓரத்தில் மறுபடி சொத்தை விழும் என்றீர்கள். இரண்டு வேளையும் துலக்குகிறான். நூலை மட்டும் அதற்குப் பிறகு கடித்ததில்லை. அந்தச் சில்லை நீங்கள் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மேஜையில் வைத்துக்கொண்டு, வருகிற டெய்லருக்கெல்லாம் காட்டியது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதையும் இந்தச் சபையில் பதிவு செய்கிறான்.

கண் மங்கி அவன் மெஷினை விட்டபோது வாசல் வேலைக்குக் கூப்பிட்டீர்கள். "சந்தேகப்படுதவன் சொன்னாத்தான் சந்தேகப்படுதவன் கேப்பான்" என்றீர்கள். அன்றிலிருந்து முதல் தடவை வந்துவிட்டு மறுதடவை வராதவர்களுக்குப் போன் போடுவது மாரப்பன் வேலை. ஊத்துக்குளிக்காரரானாலும் ஒடிசாக்காரரானாலும் கேள்வி ஒன்றுதான்.

"வலி நின்னுருச்சுங்களா? அப்ப இன்னிக்கே வாங்க!"

அருந்திறல் அம்மையீரே! ஆத்திரப்படாத அறிவே! இந்தி தெரியாதபோதும் இந்திக்காரத் தொழிலாளிக்கு நாடாவைக் காட்டியே புரிய வைத்தீர்கள். காப்பாற்ற முடியாத பல்லை முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். அழுத குழந்தைக்கும் அலறிய முதலாளிக்கும் ஒரே நாற்காலி, ஒரே ஊசி, ஒரே பொறுமை! கை தூக்கினால் நிறுத்துவேன் என்ற சொல்லை இருபத்தேழு ஆண்டில் ஒரு நாளும் மீறாத வாய்மை உங்கள் வாய்மை!

இவ்வளவும் புகழ். இனி வருவது வழக்கு.

போன மாதக் கடைசியில் மாரப்பனுக்கு இடது கீழ்க் கடைவாயில் கொக்கி விழுந்தது. படம் எடுத்துப் பார்த்தீர்கள். "ரெண்டு மூணு தடவை வரணும். நான் இருக்கப் போறது கொஞ்ச நாள்தான், நடுவுல கை மாறக் கூடாது. ஆரம்பத்துலயிருந்து அனுப்ரியாவே பாக்கட்டும்" என்றீர்கள். அனுப்ரியா புதிதாக வந்திருக்கும் டாக்டர். வேர்க் குழாயைச் சுரண்ட, கையால் திருகும் கம்பிக்குப் பதில் மோட்டாரில் சுற்றும் கம்பி வைத்திருக்கிறார்.

"என்ற பழைய மெஷினுக்கே அந்தப் புள்ளையவிட வயசு ஜாஸ்திங்களே!" என்றான் மாரப்பன். இருந்தாலும் உங்கள் முகத்துக்காக இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தான். ஐந்து தடவை கையைத் தூக்கினான். அனுப்ரியா ஐந்து தடவையும் நிறுத்தினார். மறுதடவைக்குச் செவ்வாய்க்கிழமை என்றார். சனிக்கிழமையே வலி நின்றது.

செவ்வாய்க்கிழமை மாரப்பன் வாசலை விட்டு நகரவில்லை. அவன் பையில் போன் அடித்தது. எடுத்தால் அனுப்ரியாவின் குரல் போனிலும் கேட்டது, பத்தடி தள்ளித் திறந்திருந்த கதவு வழியாகவும் கேட்டது.

"மாரப்பன் ஐயாவுங்களா? வலி நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சுங்க."

"அப்ப இன்னிக்கே வாங்க!"

"இன்னிக்கு வேலை ரொம்ப ஜாஸ்திங்க. அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்று போனை வைத்தான். வைத்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக எல்லோரும் அவனிடம் போனில் சொன்ன பொய் அது; ஒரு சொல் மாறாமல் சொல்லியிருந்தான். வாய்க்குள் தற்காலிக அடைப்பு. கீழே, கத்த ஆளில்லாத வேர்.

நீங்கள் எழுந்து வாசலுக்கு வந்தீர்கள்.

"என்ன அண்ணாச்சி, ஊரையே கூப்பிட்டுட்டு நீங்க ஒளியுதீகளா?"

"நீங்க பக்கத்துல நின்னாப் போறனுங்க."

"நான் நிக்க மாட்டேன். திங்கக்கிழமையிலயிருந்து நான் இந்த ஊர்லயே இல்ல. அந்தப் பல்லும் போச்சுன்னா இந்தப் பக்கம் எதை வெச்சு மெல்லுவீக?"

"அந்தப் புள்ள மேல நம்பிக்கை வரலீங்களே."

"எம்மேல வந்துச்சா?"

மாரப்பன் யோசித்தான். சபையில் பொய் சொல்லக் கூடாது, அன்றும் சொல்லவில்லை. "உங்க மேலயும் முழுசா இன்னும் வரலீங்க."

நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அப்ப ஆளு மாறினா உங்களுக்கு என்ன நட்டம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மடலின் கடைசிப் பக்கம் ஒரு நாள் தாமதம். பதில் கிடைக்கவில்லை. நேற்று நீங்கள் அந்தக் கண்ணாடிப் புட்டியை அனுப்ரியாவின் மேஜைக்கு மாற்றியதையும் மாரப்பன் பார்த்தான். பிடிக்கவில்லை. ஆனால் தூசி தட்டி நேராக வைத்துவிட்டு வந்தவன் அவன்தான்.

நீங்கள் நீடு வாழ வேண்டும் அம்மையீரே! எல்லோரும் நூறு வயது என்பார்கள். எண்ணிக்கை எங்களுக்குத் தெரியாது. எந்த வயதானாலும் வெள்ளகோவிலில் உங்கள் மகள் வீட்டில், சொந்தப் பல்லில் முறுக்குக் கடித்து, சுகர் இல்லாத காப்பி தேவைப்படாத உடம்போடு, யாருடைய வாய்க்கும் குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வாழ வேண்டும்! முதுகு வலித்தால் டாக்டரிடம் போங்கள், செல்போனைக் கேட்காதீர்கள். வலி நின்றாலும் மறுபடி போங்கள்!

உங்கள் அன்பில் அதட்டப்பட்டு வளர்ந்த
மருத்துவமனை ஊழியர்கள் அனைவரும்
எழுதியவன்: மாரப்பன், வாசல்

கையெழுத்துகளுக்குக் கீழே இடம் மிச்சமிருப்பதால் ஒரு சேதி. மோனிஷா இந்த வரியை வாசிக்கும்போது மாரப்பன் சபையில் இருக்க மாட்டான். திரும்பிப் பார்க்காதீர்கள், டாக்டரம்மா. இரண்டாம் நாற்காலியில் விளக்கு எரிகிறது. அனுப்ரியா கையுறை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார். மாரப்பன் சோறு தின்றாயிற்று, சுகர் மாத்திரை போட்டாயிற்று, நடக்கிறான். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. கையை எத்தனை தடவை தூக்குவது என்று உட்கார்ந்த பிறகு முடிவு செய்வான்.